ஒமாஹா போய்ச் சேராத உறை

மனிதகுலம் தன் வேலைகளை நிறுத்திவிட்டுச் செவிசாய்க்க வேண்டிய ஓர் அறிவிப்பு, அந்த வியாழக்கிழமை காலை ராலின்ஸ் ஃபோர்க் என்னும் ஊரில் வெளியாயிற்று. அறிவித்தவர், உரிமம் பெற்ற துப்பறிவாளர் ஆர்லன் ஸ்டோல்ஸ். இடம், டோரீனின் காபிக்கடை. கரண்டியால் கோப்பையைத் தட்டினார். தொண்டையைச் செருமினார். கதிரவன் மேற்கே சாய்வதற்குள் உண்மை இந்த ஊரின் நடுத்தெருவில் வந்து நின்று தன் பெயரைத் தானே சொல்லும் என்றார். கடையில் இருந்தவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். டோரீன் மட்டும், முட்டையைப் பொரிப்பதா அவிப்பதா என்று கேட்டாள்.

நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் பக்கம் ஆர்லனைப் போல ஒரு துப்பறிவாளர் நான்கு மாவட்டங்களில் கிடையாது. அந்த நான்கு மாவட்டங்களிலும் வேறு துப்பறிவாளரே கிடையாது. முன்பு ஆலங்கட்டி மழை உண்மையிலேயே கூரையை உடைத்ததா, சுத்தியல் உடைத்ததா என்று காப்பீட்டுக் கம்பெனிக்காகக் கண்டுபிடித்து வந்தவர். ஓய்வுபெற்றதும் தொப்பி ஒன்று வாங்கினார். வேன் ஒன்று வாங்கி அதன் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணை வரையச் செய்து, கீழே தன் பெயரையும் எழுதினார். யாரையாவது ரகசியமாகப் பின்தொடர்ந்தால், முன்னே போகிறவர் திருப்பங்களில் அந்தக் கண்ணைப் பார்த்துக் கையசைப்பார். ஆகவே போன வார இறுதியில், இனித் தன்னை யாரும் அடையாளம் காணக் கூடாது என்று கண்ணையும் பெயரையும் பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டார்.

உதவியாளர் ட்வைலா, அவருடைய முன்னாள் மனைவியின் தங்கை. விவாகரத்தில் எல்லாவற்றையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தபோது, யார் பங்கிலும் எழுதப்படாமல் ஆபீசிலேயே தங்கிப்போனவள். அவரை பாஸ் என்று அழைப்பாள். அந்தச் சொல்லில் மரியாதை இருக்கிறதா என்று ஆர்லன் பல வருடங்களாக ஆராய்ந்துவருகிறார்.

வழக்கு இதுதான். முதியோர் இல்லத்தில் சலவை வேலை பார்க்கும் மேவிஸ் லுட்விக்கின் வீடு, வரும் செவ்வாய்க்கிழமை நீதிமன்றப் படிக்கட்டில் ஏலத்துக்கு வருகிறது. கணவனின் கடைசி நோய் வீட்டுத் தவணையைத் தின்றுவிட்டது. கூரை ஓட்டிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை அவளே கையால் பழுதுபார்த்த வீடு. அதைக் காப்பாற்ற அவளுடைய அண்ணன் லீலண்ட் தன் பெயரில் புதுக் கடன் ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தான். நேற்று மேவிஸின் சமையலறை மேஜையில், நோட்டரி முன்னிலையில் கையெழுத்தும் போட்டுவிட்டு, மீன்பிடிப் படகில் வேலைக்காக அலாஸ்காவுக்குக் கிளம்பிவிட்டான். இப்போது கடலில் இருக்கிறான். இன்னொரு முறை கையெழுத்து வாங்க வழியில்லை. மையால் கையெழுத்திட்ட அந்த அசல் தாள்கள் இன்று மாலை ஐந்து மணிக்குள் வங்கியின் ஒமாஹா அலுவலகத்தில் இருந்தால் கடன் உண்டு. இல்லையென்றால் இல்லை. ராலின்ஸ் ஃபோர்க்கிலிருந்து ஒமாஹா, காரில் ஐந்து மணி நேரம்.

தாள்கள் இருந்த உறை காலையில் அங்கே போய்ச் சேரவில்லை. கூரியர் கம்பெனியோ அப்படி ஓர் உறையைக் கண்ணாலேயே பார்க்கவில்லை என்றது.

மேவிஸ் வேலைக்குப் போகிற வழியில் சீருடையோடு கடைக்கு வந்து, நின்றபடியே ஆர்லனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். தருவதற்குத் தன்னிடம் ஒன்றும் இல்லை, தோட்டத்தில் காய்த்ததை வண்டியில் வைத்துவிட்டுப் போகிறேன் என்றாள். ஆர்லனின் அறிவிப்பைத் தலையசைத்துக் கேட்டுவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று வெளியே போனாள். அதற்குப் பிறகுதான் கடையிலேயே விசாரணை தொடங்கியது.

கூண்டில் ஏற்றப்பட்டவள் பெர்னடீன் குசேரா, நடமாடும் நோட்டரி. ஊருக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய், அவர்கள் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்து, முத்திரை குத்தி, தாள்களை அன்றைக்கே கூரியரில் சேர்ப்பது அவள் தொழில். முத்திரை குத்துவது சுலபம். கூரியரில் சேர்ப்பதில்தான் உயிர் போகும். நகரங்களில் கூரியர் இருட்டும் வரை காத்திருக்கும். ராலின்ஸ் ஃபோர்க்கில் தீவனக் கடைக்கு ஒரே ஒரு வண்டி வரும், பிற்பகல் வெயில் இறங்கும் முன்பே கிளம்பிவிடும்.

நேற்று மேவிஸ் வீட்டிலிருந்து திரும்பும்போது யாரோ சாலையின் குறுக்கே மாடுகளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்றாள் பெர்னடீன். மாடு கடக்கும்போது ஹாரன் அடிப்பவனை அந்தப் பக்கம் கல்லறையில்கூட ஒதுக்கி வைப்பார்கள். காத்திருந்தாள். தீவனக் கடைக்கு வந்தபோது கூரியர் போய்விட்டிருந்தது. அப்படிப் போய்விட்டால் செய்ய வேண்டியது என்னவென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். கூரியர் ஓட்டும் டட்ச், ஊரை விட்டுப் போகுமுன் டோரீன் கடையில் சினமன் ரோல் என்னும் இனிப்பு ரொட்டி சாப்பிடுவார். அவர் வண்டி வாசலில் நிற்கும். கதவைத் திறந்து முன்சீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். உள்ளே போய்ச் சாப்பிடுகிறவரைத் தொந்தரவு செய்வது மரியாதை இல்லை. இந்த வாரம் டட்ச் விடுமுறை, கம்பெனி வண்டியும் பட்டறையில். பதில் ஆள் ஒருவர் பெயர் எழுதாத வாடகை வேனில் வருகிறார் என்று தீவனக் கடையில் சொன்னார்கள். டோரீன் கடை வாசலில் பெயர் எழுதாத வெள்ளை வேன் நின்றது. முன்சீட்டில் வைத்தேன் என்றாள்.

பின்பக்கம் வேறு பார்சல்கள் இருந்தனவா என்று ட்வைலா கேட்டாள். அடுத்தவர் வண்டிக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் தனக்கு இல்லை என்றாள் பெர்னடீன். கதவைத் திறக்கலாம், எட்டிப் பார்க்கக் கூடாது. அந்த மாவட்டத்தின் சட்டம் அது.

ஆர்லன் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நீ வெச்சேங்கற. வண்டிக்காரன் வரலங்கறான். ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்றது பொய். அவன் வெளியூர்க்காரன், அவனுக்கு இதுல என்ன வந்துச்சு?"

"எனக்கு மட்டும் என்ன வந்துச்சு, ஆர்லன்?"

"வெக்கம், பெர்னடீன். அந்த உறை உன் வண்டிலதான் எங்கயோ கெடக்கு. மறந்துட்ட. மறந்துட்டேன்னு நாலு பேர் முன்னாடி சொல்ல வாய் வரல. மனுஷ சுபாவம்தான். ஆனா உன் வெக்கத்துக்காக ஒருத்தி வீட்டை இழக்கணுமா?"

மிக நல்ல கேள்வி. அதைக் கேட்டவர் அன்றைக்கு முழுதும் அதைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

பெர்னடீன் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்தாள். வெளியே போய்த் தன் பியூக் காரின் நான்கு கதவுகளையும் திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் நடைபாதையில் எடுத்து வைத்தாள். மழைக்காலத்துச் செருப்பு, நாய்ப் போர்வை, முத்திரைப் பெட்டி, பிளாஸ்க், சீப்பு, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். கண்ணாடி வழியே எல்லாரும் பார்த்தார்கள். கால்மிதியைத் தூக்கி உதறியபோது எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். உறை இல்லை. ஆர்லன் வாசலில் நின்று, அப்படியானால் வீட்டில் தேடு என்றார். அவள் ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்து, கதவை அறைந்து சாத்தாமல் மெதுவாக அழுத்தி மூடி, கிளம்பிப் போனாள்.

"வழக்கு முடிஞ்சுது," என்றார் ஆர்லன்.

"உறை கெடைச்சாதான் பாஸ் முடியும்," என்றாள் ட்வைலா. "அந்த வெள்ளை வேன்காரனைப் பிடிச்சுக் கேப்போம். எங்கக்கா சொல்வா, நீங்க பாதி தேடிட்டு மீதியைத் தீர்ப்பா சொல்லிடுவீங்கன்னு."

ஆர்லன் தொப்பியை எடுக்கத் தெருவோரம் நின்ற தன் வேனுக்குப் போனார். தொப்பி எடுக்க ஆகும் நேரத்தைவிடச் சற்று அதிக நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது தலையில் தொப்பி இல்லை. முகத்தில் நிறமும் இல்லை. வேனில் பெட்ரோல் நாற்றம் வருகிறது, உன் காரிலேயே போகலாம் என்றார். போன வாரம் முழுதும் பால் வாங்கக்கூட அந்த வேனில்தான் போனவர்.

பிறகு திரும்பிப் போய் வேனைப் பூட்டினார்.

ட்வைலா அதைப் பார்த்தாள். ராலின்ஸ் ஃபோர்க்கில் யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை, ஆகஸ்ட் மாதம் தவிர. ஆகஸ்டில் தோட்டத்துக் கொடிகள் வெள்ளரி போன்ற சுக்கினிக் காய்களைக் கட்டுக்கடங்காமல் காய்த்துத் தள்ளும். திறந்த வண்டி எது கிடைத்தாலும் ஊர்க்காரர்கள் அதில் ஒரு மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். அதற்காகத்தான் பூட்டுவார்கள். ஆனால் ஆர்லன் சுக்கினிக்கு அலைகிறவர். யார் போட்டாலும் வாங்கிக்கொள்கிற ஒரே வண்டி அவருடையது. நேற்றிலிருந்து முன்சீட்டே தெரியாத அளவுக்குக் குவிந்து கிடந்தது. அவர் எதற்குப் பூட்ட வேண்டும்?

வடக்கே சரளைச் சாலையில் அரை மணி நேரம் ஓடிய பின், பதில் ஓட்டுநர் கிப் எதிரே வந்தார். நாற்பது வயது, தடித்த கண்ணாடி, ஊர்ப்பாதை புரியாமல் வெந்துபோன முகம். அந்தப் பக்கத்து வழக்கப்படி இரண்டு வண்டிகளும் நடுச்சாலையிலேயே ஒன்றையொன்று உரசி நின்றன, கண்ணாடிகள் இறங்கின. ட்வைலாதான் கேட்டாள். நேற்று டோரீன் கடை வாசலில் வேனை நிறுத்தினாரா?

"காபிக்கடையா? அங்க நான் நிக்கவே இல்லையே. டட்ச் நின்னா நானும் நிக்கணுமா? எனக்குச் சுகர். சினமன் ரோல் வாசம் பட்டாலே ஏறிடும். தீவனக் கடையில எடுத்தேன், நேரா ஹைவேக்குப் போயிட்டேன்."

"அப்ப அங்க நின்ன வெள்ளை வேன் யாருது?"

"என்னையக் கேட்டா? இந்த ஊர்ல எனக்கு மாட்டைத் தவிர யாரையும் தெரியாதும்மா."

ட்வைலா ஆர்லனைத் திரும்பிப் பார்த்தாள். இந்த இடத்தில் அவர் கண்கள் ஒளிர்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் வெள்ளை வேன்கள் ஏராளம் என்றார் ஆர்லன். பிறகு கிப்பின் பக்கம் குனிந்து, குரலைத் தணித்து, இன்று ஓர் உறையைக் கொடுத்தால் அது ஒமாஹாவுக்கு எப்போது போகும் என்று கேட்டார். நாளைக் காலை என்றார் கிப். அதைவிடச் சீக்கிரமாக வழியே இல்லையா என்றார் ஆர்லன். இருக்கிறது, நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டு கிப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் ஆர்லன் எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் விரலை உயர்த்தி வணக்கம் சொன்னார். அவர் யாருக்கும் விரல் உயர்த்துகிறவர் இல்லை, மற்றவர்கள் முதலில் உயர்த்த வேண்டும் என்று காத்திருப்பவர். ஊர் எல்லையில் திடீரென்று, பெர்னடீன் நல்லவள், பாவம், இந்த வழக்கில் குற்றவாளி என்று யாருமே இல்லாமலும் இருக்கலாம், விதி என்று ஒன்று இருக்கிறதே என்றார். ட்வைலா காரை ஓரம் கட்டிவிடலாமா என்று யோசித்தாள். அவருடைய வாழ்நாளில் குற்றவாளி இல்லாத வழக்கு கிடையாது. ஆலங்கட்டி மழைக்குக்கூட ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்தவர்.

தீவனக் கடையில் ரோஜர் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தார். நேற்றைய உறையைப் பற்றி ஆர்லன் ஒன்றும் கேட்கவில்லை. கூரியர் பெட்டி அருகே காமிரா உண்டா, யாரும் பார்க்காதபோது யாராவது ஏதாவது போட்டுவிட்டால் எப்போது போட்டது என்று தெரியுமா, ஒமாஹா பக்கம் இன்றைக்கு யாராவது மாட்டு லாரி போகிறதா என்று கேட்டார். லாரி நேற்றே போய்விட்டது என்றார் ரோஜர்.

அந்த இடத்தில் ட்வைலாவுக்குப் புரிந்துவிட்டது. எல்லாமே.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. சுகமாக இருந்தது. பல வருடங்களாக இந்த மனிதர் கரண்டியால் கோப்பையைத் தட்டி யாரையாவது எழுப்பி நிறுத்துவதைப் பார்த்தவள். இன்றைக்கு அவரே நெளிகிறார். தானாக வாயைத் திறந்து சொல்லட்டும், அதுவரை கொஞ்சம் வேகட்டும் என்று நினைத்தாள். பசிக்கிறது என்று டோரீன் கடைக்கு இழுத்துவந்து உட்கார வைத்தாள். பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பும் சினமன் ரோலும் சொன்னாள். இரண்டு தட்டு சாப்பிடும் ஆர்லன் ரோலின் ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார். நீ வீட்டுக்குப் போ, எனக்கு ஒமாஹாவில் ஒரு சிறிய விசாரணை இருக்கிறது, தனியாகப் போய்வருகிறேன் என்றார் ஒருமுறை. தனியாகவா, ஐயோ பாவம், நானும் துணைக்கு வருகிறேன் என்றாள் ட்வைலா. வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரம் கழித்து, காற்றுக்குச் சற்று நடந்துவருகிறேன் என்றார். ட்வைலா, எனக்கும் காற்று வேண்டும் என்றாள். இன்னொரு காபி சொன்னாள். அதையும் ஆற ஆறக் குடித்தாள்.

கடைசியில் அவளுக்கே சலித்துப்போய்த்தான் அவரைத் தெருவுக்குக் கூட்டிவந்தாள். புதுப் பெயிண்ட் வெயிலில் மின்ன, பூட்டிய வேன் நின்றது. பால் வெள்ளை. ட்வைலா கார்ச் சாவியால் அதன் கண்ணாடியை டக், டக் என்று தட்டினாள், கோப்பையைத் தட்டுவது போல.

"நடுத்தெருவுக்கு வந்தாச்சு பாஸ். உண்மையைப் பேரைச் சொல்லச் சொல்லுங்க."

"என்ன உளர்ற?"

"காணாமப் போனதைத் தேடறவன், எங்க போச்சுன்னு கேப்பான். அடுத்த வண்டி எப்போன்னு கேக்க மாட்டான். அது கையில இருக்கறவன்தான் அதைக் கேப்பான். ஊரே சுக்கினிக்குப் பயந்து பூட்டும், நீங்க சுக்கினிக்காகவே திறந்து வெக்கறவரு. காலைல ஏன் பூட்டுனீங்க? நேத்து மத்தியானம் இந்த வேனை இங்க நிறுத்திட்டு உள்ள என்ன தின்னீங்க?"

ஆர்லன் தரையைப் பார்த்தார்.

"சினமன் ரோல்," என்றார்.

அடையாளமே தெரியக் கூடாது என்று அடித்த பெயிண்ட், அடித்த நான்காம் நாளே பலித்திருந்தது. அவருடைய தொழில் வாழ்க்கையில் பலித்த ஒரே மாறுவேடம் அது.

சாவியைத் தேட அவருக்கு இரண்டு கைகள் போதவில்லை. கதவைத் திறந்தார். முன்சீட்டில் பச்சைப் பச்சையாகக் காய்க் குவியல். அதன் உச்சியில், கசங்காமல், நேராக, ஒரு கூரியர் உறை. மேலே பெர்னடீனின் வட்ட வட்டமான கையெழுத்தில் ஒமாஹா முகவரி. காலையில் தொப்பி எடுக்க வந்தபோது பார்த்ததாகச் சொன்னார். கையில் எடுத்துக்கொண்டு கடைக்குள் போக இரண்டடி வைத்ததாகவும் சொன்னார்.

"கண்ணாடி வழியா எல்லாரும் தெரிஞ்சாங்க. அப்பத்தானே அவளை அத்தனை பேர் முன்னாடி... அவ நாய்ப் போர்வையெல்லாம் எடுத்து வெச்சு... திரும்ப உள்ள போயி என்னன்னு சொல்றது, ட்வைலா? யாருக்கும் தெரியாம நானே கொண்டுபோயிக் குடுத்துடலாம்னு பாத்தேன். நீ நகரவே மாட்டேன்னுட்ட."

ட்வைலா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேனில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

மணி இரண்டு தாண்டியிருந்தது.

"நீ எப்பக் கண்டுபிடிச்ச?" என்றார் ஆர்லன்.

"தீவனக் கடையில."

"அப்ப பதினோரு மணிகூட ஆகலையே."

"ஆமா."

"அப்பக் கிளம்பியிருந்தா போயிருக்கலாம்."

"நீங்களா சொல்லணும்னு பாத்தேன்," என்றாள் ட்வைலா. அதற்கு மேல் அவளிடமும் நையாண்டி ஒன்றும் இல்லை.

ஒமாஹா அலுவலகத்துக்குப் போன் செய்தார்கள். எடுத்த பெண்ணின் குரல் தேனாக இருந்தது. புகைப்படம் எடுத்து அனுப்பினால் போதாது, மை பட்ட தாள் வேண்டும், ஐந்து என்றால் ஐந்து, கூடுதல் அவகாசம் தரும் அதிகாரம் தனக்கு மேலே இருப்பவருக்கும் இல்லை என்றாள். இந்த நாள் உங்களுக்கு இனிதாகட்டும் என்று வைத்தாள். பயிருக்கு மருந்தடிக்கும் சிறிய விமானம் ஒன்று மாவட்டத்தில் உண்டு. அது பயிருக்கு மருந்தடிக்கப் போயிருந்தது. வேறு வழி எதுவும் அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றுவது போல இருவரும் சற்று நேரம் முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

முதலில் பெர்னடீனிடம் சொல்லிவிடலாம் என்றார் ஆர்லன். அவளிடம் மன்னிப்புக் கேட்பது ஒப்பீட்டில் சுலபமாகத் தெரிந்தது. மேவிஸ்தான் முதலில் என்றாள் ட்வைலா. ஷிஃப்ட் முடியும்வரை முதியோர் இல்லத்து வாசலில் நின்றார்கள். அவள் சீக்கிரமே அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள், முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள்.

அது ஏன் என்று இருவருக்கும் புரியவில்லை. கண்டுபிடிக்கும் ஆசையும் போயிருந்தது.

மேவிஸ் வீட்டு முன்னால் ஏணி மேல் நின்றிருந்தாள். தலையில் கைக்குட்டை, கையில் பிரஷ். மாடி ஜன்னல் சட்டங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். கீழ் ஜன்னல்கள் இரண்டும் முடிந்து ஈரமாகப் பளபளத்தன. கார் நிற்பதைப் பார்த்ததும் பிரஷ்ஷைத் தூக்கி ஆட்டினாள்.

"போய்ச் சேந்துதா, ஆர்லன்? நீங்க இவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவீங்கன்னு நெனைக்கல. யார்கிட்ட குடுத்தனுப்புனீங்க?"

ஆர்லன் ட்வைலாவைப் பார்த்தார். எது போய்ச் சேர்ந்தது என்று ட்வைலா கேட்டாள், பதில் தெரிந்தவர்கள் கேட்கும் விதத்தில்.

"உறைதான். காலைல காய் வெக்கறப்ப உங்க வேன்ல பாத்தனே. மத்தவங்க போட்ட காய்க்கு அடியில, ஓரம் மட்டும் நீட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. கசங்கிடக் கூடாதேன்னு நான்தான் எடுத்து மேல வெச்சேன். அப்பவே எனக்குப் பாதி உசிரு வந்துருச்சு. ஏற்கெனவே கண்டுபிடிச்சுட்டு, உள்ள சும்மா எல்லாரையும் பயமுறுத்திட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன். உங்க பாணி அதுதானே. இடையில வந்து கெடுக்க வேண்டாம்னு பேசாமப் போயிட்டேன்."

காற்று அடித்தது. எங்கோ காற்றாலை ஒன்று கிறீச்சிட்டது. ஆர்லன் உறையைக் காரிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நடந்ததை ட்வைலா சொன்னாள். தன் பங்கையும் விடாமல் சொன்னாள். இரண்டாவது காபியைக்கூடச் சொன்னாள். மேவிஸ் ஏணியில் நின்றபடியே கேட்டாள். ஒருமுறை கடிகாரம் கட்டாத தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள்.

"நான் வந்து சொல்லியிருக்கணும்," என்றாள் கடைசியில். "எம் மேலதான் தப்பு."

"இல்லம்மா," என்றார் ஆர்லன்.

"பரவால்ல விடுங்க. வேணும்னேவா செஞ்சீங்க?"

அவள் திட்டியிருந்தால் அவர்கள் நின்றிருப்பார்கள். அந்தப் பரவால்லையை அவர்களால் தாங்க முடியவில்லை. மேவிஸ் கீழே இறங்கினாள். பெயிண்ட் டப்பாவின் மூடியை வைத்து, சுத்தியலால் சுற்றிலும் தட்டி இறுக்கினாள். பிரஷ்ஷைத் துணியில் துடைத்தாள். மாடி ஜன்னல் ஒன்று பாதி வரை புதிதாகவும் பாதி பழையதாகவும் நின்றது. காபி போடவா என்று கேட்டாள்.

அப்போது ஆர்லன் ஸ்டோல்ஸ் நிமிர்ந்தார். வலது கையை உயர்த்தினார். வங்கியின் தலைமை அதிகாரிக்கு எழுதுவேன், ஆளுநருக்கு எழுதுவேன், டோரீன் கடையில் எல்லார் முன்னாலும் பெர்னடீன் காலில் விழுவேன், நாளை முதல் இரவு பகல் பாராமல் பாடுபட்டு இந்த ஏலத்தை நிறுத்துவேன், இது ஒரு ஸ்டோல்ஸ் தரும் வாக்கு என்றார். மேவிஸ் அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். நன்றி என்றாள்.

செவ்வாய்க்கிழமை வீடு ஏலம் போயிற்று.